ஒரு ஸ்டேஷன் முன்பே இறங்குகிறவர்

நான் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். உட்கார்ந்து சாப்பிட்டால் எனக்குச் செரிக்காது. காபியைக்கூட அடுக்களைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டேதான் குடிப்பேன். நாற்பத்தைந்து வயதில் கார் ஓட்டப் படித்து, ஒரு பழைய சின்னக் காரையும் வாங்கிய பிறகு இந்தப் புத்தி இன்னும் மோசமாகிவிட்டது. வீட்டுக்காரர் போலீஸ், பந்தோபஸ்து, பந்தோபஸ்து என்று பாதி நாள் வெளியூர். மகள் படிப்பது கோயம்புத்தூரில். கேட்க ஆளில்லை. ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர் வேலை மதியம் இரண்டு மணிக்கு முடியும். இரண்டரைக்கு வண்டியை எடுத்துவிடுவேன்.

போவது பெரும்பாலும் வாய்க்காகத்தான். தென்காசி ரோட்டில் எந்தக் கடைப் பரோட்டாவைப் பிய்த்தால் நூல் நூலாக வரும், செட்டியார்பட்டியில் எந்த மரத்தடியில் கம்மங்கூழுக்கு மோர் மிளகாயைக் கருகக் கருக வறுத்துத் தருவார்கள், வன்னியம்பட்டி பக்கம் எந்த வண்டியில் நுங்கு பிஞ்சாக இருக்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. என்னிடம் யாராவது வழி கேட்டால் கடையைச் சொல்லித்தான் வழி சொல்லுவேன்.

அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. மதுரையில் முப்பது தடவைக்கு மேல் கரண்ட், அதாவது ரேடியேஷன், வைத்தார்கள். கட்டி சுருங்கிவிட்டது என்றார்கள். கூடவே சாப்பாடும் நின்றுவிட்டது. வாயில் எச்சில் ஊறவில்லை. எதைக் கொடுத்தாலும் மண்ணு மாதிரி இருக்கிறது என்றார். ஊரெல்லாம் காயத்துக்குக் கட்டுகிற துணி எங்கள் கம்பெனியில் உருண்டு உருண்டு போகிறது, என் அண்ணனின் காயம் கட்டுப்போட முடியாத இடத்தில் இருந்தது.

நாற்பத்தாறு கிலோவுக்கு வந்துவிட்ட மனிதரை எடை மெஷினில் நிற்கவைத்துவிட்டு டாக்டர் சொன்னார்: "மூணு வாரம் பார்ப்போம். நாற்பத்தஞ்சுக்குக் கீழ போனா வயித்துல டியூப் வச்சிரலாம். அது வழியா ஆகாரம் குடுக்கலாம்." அண்ணன் தலையை ஆட்டினார். சரி என்று ஆட்டினார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார். காருக்கு வந்ததும் அண்ணன் என்னிடம், "டியூப்லாம் கெடையாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றார். இருபத்துநான்கு வருஷம் ராணுவத்தில் இருந்தவர். ஒன்று சொன்னால் சொன்னதுதான், அந்தப் பிடிவாதத்தில் எங்கள் அப்பாவையே தோற்கடித்தவர். டியூப் வைக்க விடமாட்டார். வைக்காவிட்டால் ஆள் தங்கமாட்டார். ஆகவே மூன்று வாரத்துக்குள் வாய் வழியாகவே அவரைச் சாப்பிட வைத்தாக வேண்டும்.

எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் மற்றவர்கள் சாமி கும்பிடுவார்கள். நான் வண்டியை எடுத்தேன்.

மறுநாளிலிருந்து வேலை முடிந்ததும் நேரே அண்ணன் வீட்டுக்குப் போய் அவரை முன் சீட்டில் உட்காரவைத்துக் கிளம்பிவிடுவேன். வீட்டுச் சாப்பாடு பார்த்தாலே அவருக்கு ஓக்காளம் வருகிறது, வெளியே காற்றாடப் போனால் ஏதாவது ஒன்று இறங்கும் என்பது என் கணக்கு. மதினிக்கு இதில் நம்பிக்கை இல்லை. "அவியளால திரும்பிப் படுக்கவே முடியல, நீ ஊர் சுத்தக் கூட்டிட்டுப் போறே" என்பார். ஆனாலும் துண்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார்.

முதல் நாளே சொதப்பினேன். அண்ணனுக்குப் பிடித்தது பரோட்டா சால்னா. பரோட்டா இறங்காது, சால்னாவையாவது தண்ணியாக்கிக் கொடுப்போம் என்று தென்காசி ரோட்டுக் கடையில் நிறுத்தி, காரமில்லாமல் ஒரு கிண்ணம் கேட்டேன். கடைக்காரர் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "காரமில்லாத சால்னான்னா அது வெந்நீர்லா அக்கா?" இருந்தாலும் தேங்காய்ப்பால் கலந்து கொடுத்தார். ஒரு ஸ்பூன்தான். அண்ணன் காரின் கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வீட்டு வாசலில் மதினி என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். நான் திருப்பிப் பேசவில்லை, அது எனக்கே அதிசயம்.

அடுத்த நாள் கலக்கி. முட்டையைக் கல்லில் ஊற்றி, வேகாமல் தளதளவென்று சுருட்டி எடுப்பார்களே, அது. மிளகு போடாமல் வாங்கினேன். நாலு ஸ்பூன் போனது, ஐந்தாவதை விழுங்க முடியாமல் பத்து நிமிடம் வாயிலேயே வைத்திருந்து காகிதத்தில் துப்பினார். கம்மங்கூழில் மோரின் புளிப்பு புண்ணில் எரிந்தது. நுங்கு வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆறு சுளை சாப்பிட்டார் என்று நான் வெற்றி விழா கொண்டாடப் போனேன். "தண்ணியத் தின்னு எடை ஏறுமா?" என்று மதினி ஒரே கேள்வியில் என்னை உட்காரவைத்துவிட்டார். அவர் புதிதாக ஒரு எடை மெஷின் வாங்கி அடுக்களை வாசலில் வைத்திருந்தார். தினம் காலையில் அண்ணன் அதில் ஏறி நிற்பார். நான் கம்பெனியிலிருந்து போன் செய்வேன். நாற்பத்தைந்து எண்ணூறு. நாற்பத்தைந்து அறுநூறு. நாற்பத்தைந்து ஐந்நூறு. போனை வைத்துவிட்டு பேக்கிங்கில் நிற்கும் பெண்களிடம் காரணமில்லாமல் எரிந்து விழுவேன்.

அப்போதுதான் எனக்குப் பால்கோவா ஞாபகம் வந்தது. இத்தனை நாள் இது எப்படித் தோன்றவில்லை என்று தலையில் அடித்துக்கொண்டேன். பாலும் சர்க்கரையும் சுண்டினால் அதைவிடச் சத்து வேறென்ன? பாலில் கரைத்தால் குடித்துவிடலாம். அதுவும் அண்ணனுக்கு! பால்கோவா என்றாலே எங்கள் வீட்டில் அண்ணன்தான்.

எங்கள் பக்கத்து ராணுவ வீடுகளில் இது ஒரு வழக்கம். லீவு முடிந்து திரும்புகிறவர் கையில் பால்கோவா இல்லாமல் போகக்கூடாது. யூனிட்டில் காத்திருப்பார்கள். அண்ணன் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பே ஸ்ரீவில்லிபுத்தூர் கடையில் சொல்லிவைப்போம். மிலிட்டரி பார்சல் என்று சொன்னால் போதும், கடைக்காரர்களுக்குப் புரியும். மூன்று நான்கு நாள் ரயிலில் தாங்க வேண்டும் என்பதால் ஈரப்பதம் போக இன்னும் கொஞ்சம் சுண்டவைத்து, இறுக்கி, தாள் சுற்றிக் கட்டித் தருவார்கள். வாங்கப் போகும்போது அண்ணன் என்னையும் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். அவருக்குப் பத்தொன்பது வயது, எனக்கு ஒன்பது. எனக்கென்று தனியாக இலையில் வைத்து வாங்கித் தருவார். அந்த நாளை நான் தீபாவளியைவிட அதிகமாக எதிர்பார்த்திருப்பேன்.

போகிற நாள் இப்படி என்றால் வருகிற நாள் வேறொரு கூத்து. வருகிறேன் என்று எழுதிய ரயிலுக்கு நாங்கள் குடும்பத்தோடு ராஜபாளையம் ஸ்டேஷனில் போய் நிற்போம். ரயில் வரும், அண்ணன் வரமாட்டார். ஒரு மணி நேரம் கழித்து டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்குவார். தூங்கிவிட்டேன், குழம்பி ஒரு ஸ்டேஷன் முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இறங்கிவிட்டேன், கூட்டத்தில் வண்டி மாறிவிட்டது, ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம். எல்லை காக்கிற மனிதனுக்கு ஊர் ஸ்டேஷன் அடையாளம் தெரியவில்லை என்று அப்பா கத்துவார். பிறகு நாங்கள் ஸ்டேஷனுக்குப் போவதையே நிறுத்திவிட்டோம்.

இப்போது அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பறந்தேன். "ஏட்டி, மெதுவா போ. பிரேக்கை இப்படியா மிதிப்பாவ?" என்று வழிநெடுக அண்ணன் கரகரத்துக்கொண்டு வந்தார். முதல் கடையில் அடுப்பிலிருந்து இறக்கியதை வாங்கிவந்து பாலில் கரைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்று கீழே வைத்துவிட்டார். சரி, இது அவர் வாங்குகிற கடை இல்லை போலிருக்கிறது. எந்தக் கடை என்று கேட்டால் கையை விரித்தார். எனக்குச் சைக்கிள் பின்சீட்டிலிருந்து பார்த்தது மட்டும்தான் நினைவு. அதனால் என்ன? இருக்கிற கடை எல்லாவற்றிலும் வாங்கிவிட்டால் போயிற்று. இரண்டாவது நாள் இரண்டு கடை, மூன்றாவது நாள் இன்னும் இரண்டு. "இதுவா? இது இல்லியா? செத்த நேரம் இருங்க, அடுத்ததைப் பார்ப்போம்." மதினியின் பிரிட்ஜில் பாதி பிரித்த பால்கோவாப் பொட்டலங்கள் குவிந்தன. மதினிக்குச் சர்க்கரை வியாதி. கதவைத் திறக்கும்போதெல்லாம் என்னைத் திட்டினார்.

எடை நாற்பத்தைந்து இருநூறுக்கு வந்தது. டாக்டரிடம் போக இன்னும் பன்னிரண்டு நாள்.

ஆறாவது கடையில் நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தேன். கடைக்காரரிடம் மிலிட்டரி பார்சல் என்று சொல்லி, அதே போல இறுகச் சுண்டியதை இலையில் வைத்து வாங்கி, சூடு ஆறாமல் காருக்கு ஓடிவந்து அவர் மூக்கின் கீழ் நீட்டினேன். "இதுதானே? வாடையைப் பாருங்க. இதேதானே?"

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எடுத்திரு அதை. எனக்குப் பிடிக்காதுட்டி."

"எது?"

"பால்கோவா."

எனக்குப் புரியவில்லை. "இருபத்துநாலு வருசம் கிலோ கிலோவா வாங்கிட்டுப் போனீங்களே?"

"வாங்கிட்டுப் போனேன். திங்கல." பேசினால் தொண்டை வலிக்கும். தண்ணீரை ஒரு மடக்கு குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "அங்க போயி பொட்டலத்தப் பிரிச்சா மத்தவனெல்லாம் ஓடி வருவான். எனக்கு அந்த வாடை வந்தாலே வயித்தப் பெரட்டும். லீவு முடிஞ்ச வாடை அது."

எனக்குக் கோபம் வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் வரவேண்டிய எதுவும் எனக்கு வராது, கோபம்தான் வரும். "ஆறு கடை ஏறி எறங்கியிருக்கேன். மொதக் கடையிலயே சொல்லித் தொலைச்சா என்ன?"

"எங்க சொல்ல? நான் வாயைத் தொறக்கதுக்குள்ள நீ அடுத்த கடைக்கு ஓடிருதே."

கையில் இலை இருந்தது. இதே கடைத்தெருவில், சைக்கிள் பின்சீட்டில், இதே மாதிரி ஒரு இலையை நான் நக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். முன்னால் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்த பையனுக்கு மறுநாள் ரயில். அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, முதுகைத்தான் பார்த்தேன். முகத்தைப் பார்த்திருந்தாலும் நக்குவதை நிறுத்தியிருக்கமாட்டேன். அது உறைத்ததும் வெட்கமாகப் போய்விட்டது. இலையை மடித்து பின் சீட்டில் வைத்தேன்.

அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து கேட்டேன். "போகையில இது. அப்ப வரும்போது?"

அண்ணன் பல நாளைக்குப் பிறகு சிரித்தார். "வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர்லயே எறங்கிருவேன்."

"தெரியாம எறங்குனது இல்லியா அது?"

"எங்கயாச்சும் தெரியாம எறங்குவாங்களா? ஸ்டேஷனுக்கு வெளிய ஒரு வண்டி நிக்கும். பருத்திப்பால். சுடச்சுட ரெண்டு தம்ளர் நின்னுக்கிட்டே குடிப்பேன். பொறவுதான் பஸ்."

"நாங்க எல்லாம் அங்க ராஜபாளையத்துல கால் கடுக்க நிக்கோம், உங்களுக்குப் பருத்திப்பாலு கேக்கோ?"

சொல்லலாமா வேண்டாமா என்பது போல என்னைப் பார்த்தார். "வீட்டு வாசல மிதிச்சிட்டா லீவு ஆரம்பிச்சிரும்லா. ஒரு நாள் போச்சு, ரெண்டு நாள் போச்சுன்னு மனசு எண்ண ஆரம்பிச்சிரும். அங்க நிக்கையில இன்னும் ஆரம்பிக்கல. அம்புட்டு நாளும் முழுசா கையில இருக்கும்."

அப்பா இறந்து பதினைந்து வருஷம் ஆகிறது. இதை அவர் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

உடனே வண்டியை ஸ்டேஷன் ரோட்டுக்குத் திருப்பினேன். மணி மூன்றரை. எந்த வண்டியும் இல்லை. ஆட்டோ ஸ்டாண்டில் கேட்டால், "பருத்திப்பாலா? அஞ்சு மணிக்கு மேலதான் அந்த அக்கா வருவாவ" என்றார்கள். ஒன்றரை மணி நேரம்! அதற்குள் ராஜபாளையத்துக்கே போய்விடலாம், பருத்தி ஊரில் பருத்திப்பாலா கிடைக்காது? மதுரைக்குக்கூடப் போய்விடலாம். சாவியைத் திருகினேன். அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"செத்த நேரம் சும்மா இரேன்ட்டி."

இருந்தேன். அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு ஒன்றரை வருஷம். துண்டால் முன் கண்ணாடியைத் துடைத்தேன். சீட்டுக்கு அடியில் கிடந்த பஸ் டிக்கெட்டுகளைப் பொறுக்கினேன். மேற்கே மலையின் மேல் மேகம் இறங்குவதை இரண்டு நிமிடம் பார்த்தேன், அதற்கு மேல் முடியவில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போது எதுவும் தெரியாது. நின்றால்தான் தெரிகிறது, பக்கத்து சீட்டில் என் அண்ணன் ஒரு பள்ளிக்கூடப் பையன் அளவுக்குச் சிறுத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார் என்பது. கழுத்தில் கரண்ட் வைத்த இடம் கருத்துத் தோல் உரிந்திருந்தது. தினமும் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு ஓட்டினேனே தவிர நான் அவரைச் சரியாகப் பார்க்கவே இல்லை. அழுதேன். அவர் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஐந்தே காலுக்கு வண்டி வந்தது. என் வயதுப் பெண் ஒருவர், பெரிய எவர்சில்வர் அண்டா, அதன் வாயில் வெள்ளைத் துணி. சுக்கில்லாமல் கிடைக்குமா என்று கேட்டேன்.

"சுக்கு இல்லாமப் பருத்திப்பாலா? யாருக்குக்கா?"

காரைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார். கொஞ்சம் காய்ச்சிய பால் சேர்த்து, காரம் தெரியாதபடி இளக்கி, தேங்காய் போடாமல், ஆற்றி ஆற்றி வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தார். "நாளைக்கும் வாரீங்கன்னா சுக்கு போடுததுக்கு முந்தியே தனியா எடுத்து வச்சிருதேன்."

அண்ணன் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஒரு மடக்கு. நிறுத்தம். இன்னொரு மடக்கு. "ருசி தெரியுதா?" என்றேன்.

"ருசி தெரியல. கருப்பட்டியும் தெரியல. சூடு தெரியுது." பிறகு தெருவைப் பார்த்துக்கொண்டே குடித்தார். அரைத் தம்ளருக்கு இருபது நிமிடம் ஆனது. மிச்சத்துக்கு இன்னும் இருபது. கடைசியில் தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார், ஒரு சொட்டு இல்லை.

மறுநாள் நான் என் புத்தியைக் காட்டினேன். எதற்கு அவரை அலைக்கழிக்க வேண்டும் என்று பிளாஸ்கில் வாங்கிக்கொண்டுபோய் வீட்டில் கொடுத்தேன். கால் தம்ளரோடு வைத்துவிட்டார். மதினி கெஞ்சியும் நடக்கவில்லை. அதற்கு அடுத்த நாள் ஸ்டேஷன் ரோட்டில் காரில் உட்கார்ந்து ஒன்றரைத் தம்ளர் குடித்தார். அதோடு நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். தினம் ஐந்து மணிக்கு அங்கே நின்றோம். மதினி டாக்டர் சொன்ன சத்து மாவை ஒரு டப்பாவில் கொடுத்துவிடுவார், அந்த அக்கா அதையும் கலந்து ஆற்றித் தருவார். எடை நூறு கிராம் ஏறும், ஐம்பது இறங்கும். ஆனால் நாற்பத்தைந்துக்குக் கீழே போகவில்லை.

மதினிக்கு மூட்டுவலி, மதுரை வரை காலை மடக்கி உட்கார முடியாது. டாக்டரிடம் நாங்கள் இருவர்தான் போனோம். மெஷினில் நாற்பத்தைந்து எழுநூறு காட்டியது. டாக்டர் மறுபடியும் ஏறச் சொன்னார். அதே எழுநூறு. "டியூப் இப்போதைக்கு வேண்டாம். இப்படியே சாப்பிடுங்க. ஒரு மாசம் கழிச்சு வாங்க, ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டு மேற்கொண்டு என்னன்னு சொல்றேன்."

"ஒரு மாசம்" என்றார் அண்ணன்.

"ஆமா, ஒரு மாசம்" என்றார் டாக்டர்.

வராந்தாவில் வைத்தே மதினிக்குப் போன் செய்து சொன்னேன். அவர் அழுததில் பாதி எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வரும்போது அண்ணன் என் பிரேக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வழிநெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது மணி ஐந்து. கேட்காமலே ஸ்டேஷன் ரோட்டில் திருப்பினேன். அந்த அக்கா எங்களைப் பார்த்ததும், சுக்கில்லாமல் தனியாக எடுத்துவைத்திருந்த தூக்குச்சட்டியைத் திறந்தார். நான் இஞ்சினை அணைக்கவில்லை. வீட்டில் மதினி காத்திருப்பார், குடித்ததும் பறந்துவிட வேண்டும். அண்ணன் முதல் மடக்கு குடிக்கும்போதே போன் அடித்தது. மதினிதான்.

"எங்க வாரீங்க? ஆரத்தி கரைச்சு வச்சிட்டு வாசல்ல நிக்கேன். அவியள வாசல்லயே நிக்கச் சொல்லு, சுத்திட்டுத்தான் உள்ள விடுவேன்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அண்ணனுக்குக் கேட்டது. தம்ளரை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். போனுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"இன்னும் ஸ்ரீவில்லிபுத்தூர் வரலன்னு சொல்லு."

ஐந்து நிமிடம் தாமதம் என்றாலே உடம்பெல்லாம் எரிகிறவள் நான்.

"இன்னும் ஸ்ரீவில்லிபுத்தூர் வரல மதினி" என்றேன். "நேரமாகும்."

சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தேன். அந்த அக்காவிடம் எனக்கும் ஒரு தம்ளர் சொன்னேன். அவர் கொண்டுவந்து கொடுத்ததை, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தபடியே குடித்தேன்.